உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே!

என் வயது ஆசிரியர்களில் ஏகப்பட்ட பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். கிரக விசேஷம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் அப்பாவுக்கு அவன் பிறந்த தேதி தெரியாது. "நம்ம செவலைப் பசு கன்னு போட்டுச்சே, அதுக்கு மறு வருஷம்" என்பார். பெரிய வாத்தியார் பையனைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று அர்த்தம். அப்புறம் அவரே ஒரு ஜூன் ஒன்றாம் தேதியைப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். வாத்தியார் பேனா எழுதியதைப் பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தின மாதத்துக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது அரசு விதி. ஆகவே இந்த ஜூன் ஒன்றுக்காரர்கள் எல்லாம் மே 31ஆம் தேதி, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் கோடை விடுமுறையில், கைதட்ட ஒரு பிள்ளைகூட இல்லாமல் ஓய்வு பெறுவார்கள்.

என் அப்பா விட்டுக்கொடுக்கிற ஆசாமி இல்லை. ஜாதகத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து, "ஆவணி மாசம், ரோகிணி" என்று நின்றார். பெரிய வாத்தியார் "எதுக்குய்யா வம்பு, ஜூன்னு போட்டுக்குவோம்" என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அப்படி எனக்கு வாய்த்தது ஆகஸ்ட் மாதம். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை, பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாது என்று, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தமிழக அரசு மறுநியமனம் செய்கிறது. அப்பாவின் பிடிவாதத்துக்கு எனக்கு அறுபது வயதில் பலன் கிடைத்தது.

அறுபதுகூட முதலில் பேசியது இல்லை. 58 வயது ஆனதும் 2020 ஆகஸ்டில் நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்த மே மாதம் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. சரி, அடுத்த ஆகஸ்ட் என்று இருந்தால், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போதெல்லாம் "இருங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்து உட்கார வைக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது அரசாங்கம். கடைசியில் 2022 ஆகஸ்டில் உண்மையாகவே ஓய்வு வந்தபோது, பத்தாம் வகுப்பில் நான் இயற்கணிதத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் வடிவியல், முக்கோணவியல், அளவியல் என்று பாதிப் புத்தகம் பாக்கி. மறுநியமனத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுத்தால் போதாது. முதலில், அந்தப் பள்ளியில் என் பாடத்துக்கு உபரி ஆசிரியர் இருக்கக் கூடாது. 'சர்ப்ளஸ்' என்ற சொல்லைக் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் வயிற்றைக் கலக்கும். நான் கணக்கு, எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு வாத்தியார் உபரியானதாகச் சரித்திரம் இல்லை. அடுத்தது, நடத்தைச் சான்று. முப்பத்துச் சொச்ச வருஷம் ஒரே மாவட்டத்தில் குப்பை கொட்டியவனின் நடத்தை திருப்திகரமானது என்று தலைமையாசிரியை எழுதித் தர வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிப்பெண் பட்டியல் போடக் கற்றுக் கொடுத்தவன் நான். "சார், உங்களுக்கு நான் எப்படி சார்…" என்று கூச்சப்பட்டுக்கொண்டே, தண்டனை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று என் பணிப்பதிவேட்டை மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் புரட்டினார்.

மூன்றாவது, உடல் தகுதிச் சான்று. அரசு மருத்துவமனையில் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். "கொஞ்சம் கூடத்தான் இருக்கு. எந்த வகுப்பு எடுக்கிறீங்க?" என்றார். "பத்தாம் வகுப்பு டி பிரிவு" என்றேன். "அப்ப இது நார்மல்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

இதற்கு நடுவில் பிரிவு உபசார விழா. அதை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. மறுநியமன ஆணை வந்தாலும் விழா விழாதான், சாமியானாவுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பொன்னாடைகள் குவிந்தன. ஒவ்வொருவரும் என்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டால் எனக்கே அந்த மனிதரைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் போல இருந்தது. பி.டி. மாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இனி இந்த வளாகத்தில் அவர் குரல் கேட்காதே" என்று கண் கலங்கினார். வேன் வைத்து, பட்டாசு வெடித்து, வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். என் மனைவி ஆரத்தி எடுத்தாள்.

அடுத்த வேலைநாள் காலை பிரேயருக்கு நான் வழக்கம்போல டி.வி.எஸ். 50இல் போய் இறங்கினேன். பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். ஊதவில்லை.

பத்து டி-க்குள் நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது, கொஞ்சம் பயத்தோடு. முன் பெஞ்சுப் பையன் மட்டும், "சார், நீங்க போய்ட்டீங்கன்னு சொன்னாங்க" என்றான். "எங்கேடா போனேன்? உட்கார்" என்றேன். உட்காரவில்லை. "சார், அந்த வாட்சுக்கு நாங்க ஆளுக்கு இருபது ரூபா போட்டோம் சார்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். திருப்பிக் கேட்கவில்லை, தகவல் சொன்னான். நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இருபடிச் சமன்பாடு நடத்தினேன்.

இனி சம்பளம். கடைசியாக வாங்கிய ஊதியம் கழித்தல் ஓய்வூதியம். இதுதான் மறுநியமன ஆசிரியருக்கான சூத்திரம். கடைசி அடிப்படை ஊதியம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ('வைத்துக்கொள்வோம்' என்று சொல்லிவிட்டால் கணக்கு வாத்தியார் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.) முழுப் பணிக்காலமும் முடித்தவருக்கு அதில் பாதி, 50,000 ரூபாய், ஓய்வூதியம். ஒரு லட்சத்தில் 50,000 போனால் மீதி 50,000 சம்பளம். இரண்டையும் கூட்டினால் பழைய ஒரு லட்சம். ஓர் ஆள், ஒரு நாற்காலி, ஒரு சம்பளம். இதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பென்ஷனையும் வாங்கிக்கொண்டு முழுச் சம்பளத்தையும் வாங்கினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அகவிலைப்படியும் இரண்டு பக்கத்திலும் கிடையாது. விலைவாசி ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் ஏறும் என்பது நிதித்துறையின் கட்சி. இந்த மாதங்களுக்கு இன்கிரிமெண்ட் கிடையாது. ஓய்வூதியக் கணக்கிலும் இவை சேராது. பாடம் நடத்தியது பிள்ளைகளுக்குச் சேரும், எனக்குச் சேராது.

என் விஷயத்தில் ஒரே ஒரு நெருடல். ஓய்வூதியம் வரத் தொடங்கவில்லை, கழித்தல் மட்டும் தொடங்கிவிட்டது. என் கோப்பு சென்னைக்குப் போயிருந்தது. அங்கே எந்த மேஜையில், எந்தக் கட்டின் அடியில் அது ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சம்பளப் பட்டியல் போடும் தம்பி என்னிடம் படித்தவன்தான். "வராத பணத்தை எப்படித் தம்பி கழிக்கிறது?" என்று கேட்டேன். "குறை முழுக்கள் எல்லாம் நீங்கதானே சார் நடத்துனீங்க" என்றான். அவனுக்கு அந்த வருஷம் முழு மதிப்பெண் போட்டவன் நான்.

மத்திய அரசு இந்தக் கலையில் இன்னும் ஒரு படி மேலே. ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை கம்யூட்டேஷன் என்று மொத்தப் பணமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கிய பங்கு 15 வருஷம் கழித்துத்தான் ஓய்வூதியத்தில் திரும்பச் சேரும். அதற்குள் அந்தப் பணம் மகள் கல்யாணக் கடன், மொட்டை மாடித் தளம் என்று கரைந்திருக்கும். மறுவேலைக்கு வரும் மத்திய அரசு ஓய்வூதியருக்கு ஊதியம் நிர்ணயிக்கும் 1986ஆம் ஆண்டு ஆணைகள், கம்யூட் செய்வதற்கு முந்தைய முழு ஓய்வூதியத்தையும் கழிக்கச் சொல்கின்றன. செலவழித்த பணத்தையும் கையில் இருப்பதாக 'வைத்துக்கொள்'கிறார்கள். எங்கள் இனம்தான்.

வெளிநாட்டிலாவது ஆசிரியனை நம்புகிறார்களா என்று பார்த்தால் அங்கேயும் அதே கதை. என் சகலையின் சம்பந்தியம்மாள் கலிஃபோர்னியாவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாநில ஆசிரியர் ஓய்வூதிய விதிப்படி, ஓய்வு பெற்ற முதல் 180 நாட்களுக்குள் பொதுப் பள்ளி வேலைக்குத் திரும்பிச் சம்பாதித்தால், சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஓய்வூதியத்தில் ஒரு டாலர் பிடித்துவிடுவார்களாம், ஏதாவது விலக்குக் கிடைத்தால் ஒழிய. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. இங்கிலாந்தில், பழைய ஓய்வூதியத் திட்டத்து ஆசிரியர் திரும்ப வேலைக்குப் போய், புதுச் சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து பழைய சம்பளத்தைத் தாண்டினால் அந்த அளவுக்கு ஓய்வூதியத்தை வெட்டுவார்கள். சம்பந்தியம்மாள் வீடியோ காலில், "ஆறு மாசம் ஸ்கூல் பக்கமே போகலை" என்று வருத்தப்பட்டார். நான் ஒரு ராத்திரிகூட விடாமல் திரும்பிப் போனதைச் சொன்னேன். "உங்க கவர்ன்மெண்டுக்கு உங்க மேல அவ்வளவு பிரியமா?" என்றார்.

எங்கள் ஆசிரியர் அறையில் என் மேல் பிரியம் இல்லாத ஒரு ஜீவன் உண்டு. இல்லாததற்குக் காரணமும் உண்டு. அந்த வருஷம் ஜூலையில் காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். இடைநிலைக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு அப்படி வந்த பெண், தன் தோழிக்குக் கணக்குப் பணியிடம் காலியாகும் என்று சொல்லி வைத்திருந்தாள். நான் போனால்தானே காலியாகும்? தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா சார்?" என்பாள். மற்றவர்கள் கேட்டால் அது விசாரிப்பு. அவள் கேட்டால் அதில் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகமே அடங்கியிருக்கும். ஒரே பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களில் ஒருத்திக்குப் பத்தாயிரம், இன்னொருவனுக்கு அதைப்போல் பத்து மடங்கு. என் சம்பளத்தில் கழிக்கிறார்களே என்று புலம்ப வாயெடுத்தபோதெல்லாம் அவள் டிபன் பாக்ஸைத் திறப்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். நிரந்தர வேலை கிடைத்தாலும் அவளுக்கு எங்களுடைய பழைய ஓய்வூதியம் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டார்கள். "எங்ககிட்ட கழிக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது சார்" என்றாள் ஒரு நாள், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

என்னிடம் கழிக்க ஊரே வரிசையில் நின்றது. தையல்காரர் கூலியை ஏற்றினார், கேட்டால், "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார்." கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி வசூலுக்கு வந்து, நான் ஐந்நூறு என்றதும் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது, "வாத்தியாருக்குத்தான் பென்ஷன் வருதே." மைத்துனர் கைமாற்றாக வாங்கிய பணத்தைப் பற்றி ஜாடையாகக் கேட்டபோது, "அத்தான், உங்களுக்கு என்ன, மாசம் பொறந்தா பென்ஷன்" என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார். அப்போது எனக்கு ஒரு ரூபாய்கூட பென்ஷன் வந்திருக்கவில்லை. அரசாங்கமாவது அரசாணை எண் போட்டுத்தான் கழிக்கிறது.

கல்வியாண்டு முடிந்தது. இரண்டாவது தடவை ஓய்வு பெற்றேன். இந்தத் தடவை பொன்னாடை இல்லை, வேன் இல்லை. பீரோ சாவியை வாங்கிக்கொண்டு, "நூலகப் புத்தகம் ரெண்டு உங்க பேர்ல இருக்கு சார்" என்றார் தலைமையாசிரியை. டி பிரிவில் எல்லோரும் கணக்கில் தேறினார்கள் என்று முடிவு வந்த அன்று வாட்சுக்காரன் வீட்டுக்கு வந்து ஒரு லட்டு கொடுத்துவிட்டுப் போனான். கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், சமையலறையில் டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். பால் கணக்கைத் தணிக்கை செய்தேன். கடுகு, காபிப்பொடிக்கு அப்புறம்தான் வர வேண்டுமா முன்னாலேயே வர வேண்டுமா என்ற விவாதம் முற்றிய ஒரு காலையில் என் மனைவி பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தாள். டவுனில் ஒரு தனியார் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் தேவை. "ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரிக்கு அடியில் பென்சில் கோடு போட்டிருந்தாள். தனியார் பள்ளிக்குப் போனால் மறுநியமனக் கழித்தல் எல்லாம் இல்லை, பென்ஷன் முழுசாக வரும் என்பதையும் விசாரித்து வைத்திருந்தாள்.

டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷம். கடைசி பெஞ்சில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு சின்னப் பெண் கையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தது. சுவரில் ஒரு பெரிய திரை; அதைத் தொடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, தொட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. மேஜைக்கடியில் யாரோ விட்டுப்போன சாக்பீஸ் துண்டு ஒன்றைக் கண்டெடுத்து, பக்கத்திலிருந்த கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தேன். பக்கம் a கூட்டல் b. நான்காகப் பிரித்தேன். பிள்ளைகளே பரப்பு சொன்னார்கள். இரண்டு ab எங்கேயிருந்து வந்தது என்று கடைசி வரிசைப் பையன் வாய்விட்டுச் சொன்னான். மணி அடித்தது.

"நல்லா இருந்தது சார்" என்றது அந்தப் பெண். "ஆனா ஆக்டிவிட்டி எதுவும் இல்லையே?"

"கணக்குப் போட்டாங்களேம்மா."

அது படிவத்தில் அதற்கான கட்டத்தைத் தேடியது, கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வேலை கொடுத்தார்கள். தாளாளர் அறையில் சம்பளப் பேச்சு. அந்தப் பள்ளியில் கணக்குக்கு வழக்கமாகக் கொடுப்பதில் ஏறக்குறைய பாதியைச் சொன்னார். நான் அனுபவம், தேர்ச்சி விகிதம் என்று ஆரம்பித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முகத்தில் அவ்வளவு கனிவு. "சார், உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்றார்.

ஏற்றுக்கொண்டேன். டப்பாக்கள் பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டதாகத் தகவல்.

ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆகஸ்டில்தான் கருவூல நேர்காணல். வருஷத்துக்கு ஒரு தடவை போய் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டும். 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை எடுத்துக்கொண்டு போவார். ஆனால் நேரில் போனால் பழைய ஆட்களைப் பார்க்கலாம், யார் வரவில்லை என்றும் பார்க்கலாம். படிவத்தில் மூன்று உறுதிமொழிகள்: உயிரோடு இருக்கிறேன், அரசுப் பணியில் மறுபடி சேரவில்லை, மறுமணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு மட்டும். இருந்தாலும் என் மனைவி, "அதையும் எழுதிக் கொடுத்துடுங்க, என்ன இப்ப" என்றாள்.

வரிசையில் எனக்கு முன்னால் என் முதல் தலைமையாசிரியர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கோட்டுக்கு மேலே போனதற்காக மறுபடி போடச் சொன்னவர். 85 தாண்டிவிட்டது. கைத்தடி இருக்கிறது, ஊன்றுவதில்லை, சுட்டிக்காட்டத்தான். என் மறுநியமனம், கழித்தல், அரியர், தனியார் பள்ளிப் பாதிச் சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டார்.

"முட்டாள், 80 வரைக்கும் அப்படித்தான். எல்லாரும் கழிப்பான். 80 முடிஞ்சா கூட்டல் ஆரம்பம். 20 சதவீதம் கூடப் போடுறான். 85க்கு 30. 90க்கு 40. நூறு வயசு இருந்து பாரு, பென்ஷன் அப்படியே டபுள்!" கைத்தடியால் ஒவ்வொரு சதவீதத்தையும் தரையில் தட்டிக் காட்டினார். அவர் நூறுக்குக் குறைந்து எதையும் யோசித்திருப்பதாகத் தெரியவில்லை.

விரல் வைத்து, உயிர் உறுதியாகி வெளியே வந்தோம். எதிரே டீக்கடையில் இரண்டு டீ, ஒரு மெதுவடை. அவர்தான் எனக்கும் சேர்த்துச் சொன்னார். குடித்து முடித்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் பர்ஸை எடுக்கலாமா, அது அவருக்கு மரியாதைக் குறைவாக இருக்குமா என்று தயங்கினேன். அவர் கடைக்காரரிடம் தடியால் என்னைச் சுட்டினார்.

"சார்கிட்ட வாங்கிக்கப்பா. அவருக்குத்தான் பென்ஷனும் வருது, சம்பளமும் வருது."